பாறைக்குள் போகும் அம்புக்குறி

கதிரு,

இந்நேரம் உனக்கு நலங்கு வைத்து, தலைக்கு ஊற்றி, பட்டுவேட்டி கட்டிவிட்டிருப்பார்கள். உன் செல்வம் மாமா தலைப்பாகை கட்டத் தெரியாமல் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பான். நான் செங்கல்பட்டில், நம் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முகூர்த்தத்துக்கென்று எடுத்த அரக்குக் கலர் பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் கிடக்கிறது. பத்திரிகை எனக்கும் வந்தது. உள்ளே உன்னைப் பெற்றவள் என்று என் பெயர் அச்சாகியிருக்கிறது. உறைமேல் விருந்தாளி மாதிரி அதே பெயரை யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்கள். பெற்றவளுக்கே பத்திரிகை வைத்த கல்யாணம் இந்த ஜில்லாவில் உன்னுடையதாகத்தான் இருக்கும். நல்லா இரு.

இதில் எங்காவது மன்னிப்பு இருக்கும் என்று தேடாதே. அதைத்தான் நீ இரண்டு வருஷமாக எதிர்பார்க்கிறாய், அது என்னிடம் இல்லை. அழுதுகொண்டே எழுதுகிறேன் என்றும் நினைக்காதே, அழுகையெல்லாம் போன வாரமே தீர்ந்துவிட்டது. இப்போது இருப்பது அதைவிட மோசம். எதைச் செய்தாலும் இனி சரியாகாது என்று தெரிந்துபோன பிறகு வருகிற ஒரு சோர்வு, கை காலெல்லாம் அடுத்தவருடையது மாதிரி இருக்கிறது. நீ தாலி கட்டப்போகிற நிவேதாவுக்கு முழுக்கதை தெரியாது என்று மாமா சொன்னான். "அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துவரல" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறாயாம். அவளும் படிக்கட்டும். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து நான் விளக்கமாக எழுதுவது அதற்காகத்தான். பாடம் எடுக்கிற புத்தி போகவில்லை என்று சலித்துக்கொள்ளாதே. படூர் கல்லூரியில் அத்தனை வருஷம் பாறையைப் பற்றிக் கத்திக் கத்தி ஓய்வு பெற்றவள் வேறு எப்படி எழுதுவேன்?

அவளுக்குச் சொல், எரிமலைக் குழம்பு வழிந்து ஆறும்போது அதற்குள் இருக்கிற இரும்புத் துகள்கள் அன்றைக்குப் பூமியின் வடக்கு எங்கே இருந்ததோ அதை அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும். அதன்மேல் அடுத்த குழம்பு, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காகக் கல்லாகும். அந்த அடுக்குகளைக் குடைந்து சின்னச் சின்ன உருளைகளாக எடுத்து ஆய்வுக்கூடத்தில் அளந்தால், பூமியின் காந்தம் பல தடவை தலைகீழாகத் திரும்பியிருப்பது தெரியும். காந்தமுள் இருந்திருந்தால் தெற்கைக் காட்டியிருக்கும், அப்படிப்பட்ட காலங்கள் லட்சக்கணக்கான வருஷங்கள் இருந்திருக்கின்றன. லாரி ஓட்டிய உன் அப்பாவுக்கு நான் இதைச் சொன்னபோது, "அப்ப வடக்கால போறவன் தெக்கால பூட்டுருப்பான், டீசலு யாரு குடுப்பா?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல வேளை, அவர் இதையெல்லாம் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். இருந்திருந்தால் என் பக்கமும் பேசியிருக்க மாட்டார், உன் பக்கமும் பேசியிருக்க மாட்டார், லாரியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

கல்லை எடுப்பது பெரிய விஷயமில்லை. அது பாறையில் எந்தத் திசை பார்த்து, எவ்வளவு சாய்ந்து இருந்தது என்று பிய்ப்பதற்கு முன்னால் குறித்தாக வேண்டும். குறி போடாமல் எடுத்த கல் வெறும் ஜல்லி. இதை நீ கற்றது சமையலறையில். வாழைத்தண்டை மேடைமேல் நிறுத்திவைத்து, எவர்சில்வர் குழாயால் நாம் குடைவோமே, ஞாபகம் இருக்கிறதா? குடைந்த துண்டின் மேல்பக்கம் பால்பேனாவால் ஒரு கோடு, கோட்டின் நுனியில் ஓர் அம்புக்குறி. "அம்பு உள்ளாற போவணும்டா, வெளிய வரக் கூடாது" என்று நான் சொல்ல, நீ நாக்கைக் கடித்துக்கொண்டு போடுவாய். அன்றைக்குப் பொரியலில் அங்கங்கே நீல மை இருக்கும், உன் அப்பா ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடுவார். அம்புக்குறி பாறைக்குள்ளே போக வேண்டும் என்பது என் வழக்கம், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் வழக்கம். வெளியே வரும்படி போடுகிற கூட்டமும் உண்டு. இரண்டும் சரிதான். எது என்று தெரிந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

நீ ஆராய்ச்சிக்குச் சேர்ந்த இடம் வெளியே வரும்படி போடுகிற இடம். நீயும் பழகிக்கொண்டாய். பெரும்பாலும் குறி போட்டது உன் கூட்டாளி, குடைந்தது நீ. மராட்டியத்து மலைச்சாலையில், மழை விடாமல் பெய்த நாளில், அவனுக்குக் காய்ச்சல் வந்து வண்டியில் படுத்துவிட்டான். அந்த ஓர் அடுக்கை மட்டும் நீயே குடைந்து நீயே குறித்தாய். அளந்து பார்த்தால், மேலேயும் கீழேயும் இருந்த அடுக்குகள் வடக்கைக் காட்ட, நடுவில் இந்த ஒன்று மட்டும் தெற்கைக் காட்டியது. பூமியின் காந்தம் திரும்பிக்கொண்டிருந்த அந்த இடைக்காலத்தையே ஒரு குழம்பு பிடித்துவைத்திருக்கிறது என்று எழுதினாய். பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்தது. வெளிநாட்டிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். நான் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு தெரு முழுக்கக் கொடுத்தேன். இரும்பு எதற்குத் தெற்கைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்திக்கும் புரியவில்லை, ஆனாலும் எல்லாரும் தின்றார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வாரம்தான், கதிரு. உன்னைப் பெற்றபோதுகூட வலிதான் முதலில் ஞாபகம் வருகிறது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், படுத்துக்கொண்டு உன் கட்டுரையில் இருந்த படங்களை இன்னொரு தடவை ஆசையாகப் பார்த்தேன். காந்தமுள் வடக்கை மட்டும் காட்டுவதில்லை, மேலேயோ கீழேயோ கொஞ்சம் சாயவும் செய்யும். காந்தம் தலைகீழானால் திசையும் மாறும், சாய்வும் மாறும். உன் அடுக்கில் வடக்கு தெற்காகியிருந்தது, சாய்வு அப்படியே இருந்தது. அதைத்தான் நீ இடைக்காலம் என்று விளக்கியிருந்தாய். அப்படியும் இருக்கலாம். ஆனால் பக்கவாட்டில் குடைந்த கல்லின் அம்புக்குறியை மாற்றிப் படித்துக் கருவிக்குள் வைத்தாலும் அச்சு அசலாக இதேதான் வரும். எழுந்து உட்கார்ந்தேன். உனக்கு போன் போட்டேன்.

"அந்த அடுக்குல குறி யாரு போட்டது?"

"நான்தான். இன்னாம்மா, இன்னாத்துக்கு?"

"அம்பு உள்ளாறவா, வெளியவா?"

அன்றைக்கு மலையில் மழை, அவசரம், குளிர், பக்கத்தில் ஆள் இல்லை. கை தானாகச் செய்கிற வேலை அது. சமையலறை மேடையில் பழகிய கை அம்பை உள்ளேதான் போட்டிருக்கும். "வெளியதான்" என்று நீ சொன்னாய். உன் அம்மாவுக்குத் தெரியாதா அந்தக் குரல்? தேர்வு எப்படி எழுதினாய் என்று கேட்டால், கணக்கு போன அன்றைக்கெல்லாம் அதே குரலில்தான் "நல்லா" என்பாய்.

உருளைகளைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றிலும் புதிதாகக் குறி மாற்றிப் போட்டாகிவிட்டது, பழைய குறி எதிலும் மிச்சமில்லை. அதனால் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. "நீயே எழுதிடு, தப்பு இருக்கலாம், திரும்பக் குடையணும்னு நீயே சொல்லிடு, பெருமையா இருக்கும்" என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதை நிவேதா குறித்துக்கொள்ளட்டும், ஏனென்றால் உன் கணக்கில் நான் எடுத்த எடுப்பிலேயே காட்டிக்கொடுத்தவள். மாதக்கணக்கில் கெஞ்சினேன். அதற்குள் இன்னும் இரண்டு பேர் உன் முடிவை நம்பி அதன்மேல் வேலை செய்ய ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் நான் அந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். வெளிநாட்டு வேலை போனது. உன் வழிகாட்டி உன்னைக் கைகழுவினார். நீ சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் உதிரிபாகத்தின் கனத்தை அளந்து பார்க்கிற வேலைக்குப் போனாய். படூரில் வீடு எடுத்துக்கொண்டாய். செங்கல்பட்டில் இறங்குவதை நிறுத்திவிட்டாய். உனக்குக் கல்யாணம் நிச்சயமானதே எனக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரியும்.

போன மாதம் மாமா வந்தான். படாளத்தில் நெல் லோடு இறக்கிவிட்டு, மினி லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்தான். "யக்கா, அவன்கிட்ட பேசிட்டு வந்துகினு கீறேன். ஒரே ஒரு வரிதான் கேக்கறான். 'எனக்கு நிச்சயமாத் தெரியாது, சந்தேகத்துல எழுதிட்டேன்'னு அவன் கைடு சாருக்கு எழுதிக் குடுத்துரு. திரும்பச் சேத்துக்குறேன்னு அவுரு சொல்லிகினு கீறாராம். அப்பால நீ கல்யாணத்துக்கு வா, மேடையில நில்லு, எல்லாம் ஒயுங்கா நடக்கும்."

"எழுதலன்னா?"

"எழுதலன்னா இன்னா... வர வேணாம்ன்றான். இன்னாக்கா நீ, ஒத்தப் புள்ள. கல்லு சோறு போடுமா, கொள்ளி போடுமா? எந்தக் காலத்துலயோ ஆறிப்போன கல்லு, அது எந்தப் பக்கம் பாத்தா உனுக்கு இன்னா?"

உண்மையிலேயே எனக்கு என்ன? அந்தக் கல் எந்தப் பக்கம் பார்த்தாலும் நாளைக்குப் பால்காரன் வருவான். ஆனால் எனக்கு நிச்சயமாகத் தெரிகிற ஒன்றைத் தெரியாது என்று எழுத எனக்குக் கை வராது. வராத கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்? கடைசியில் மாமாவிடம் சொன்னேன், அந்த அடுக்கை நான் போய்த் திரும்பக் குடைகிறேன், அது தெற்கைக் காட்டினால் உன் காலில் விழுந்துகூட எழுதிக்கொடுக்கிறேன் என்று. அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு அந்தப் பக்கம் ஒரு லோடு பிடித்துக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டான்.

மூட்டுவலியோடு அவ்வளவு தூரம் போனேன். துளைக்கிற மெஷினுக்குத் தண்ணீர் அடிக்கப் படாளத்திலிருந்து பயிருக்கு மருந்தடிக்கிற டேங்கைக் கழுவி எடுத்துவந்திருந்தான் மாமா. அங்கே சாலையை அகலப்படுத்துகிறார்கள், மலையில் பாதியைத் தின்றுவிட்டார்கள், உன் அடுக்கு தப்பித்து ஓரத்தில் நிற்கிறது. நீ குடைந்த துளைகளைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றின் வாயிலும் கல்பொடியும் மண்ணும் குழைத்து அடைத்திருந்தாய். பாறையை அசிங்கப்படுத்திவிட்டு வரக்கூடாது என்று சின்ன வயதில் நான் சொன்னது. கொட்டுகிற மழையில், பக்கத்தில் ஆள் இல்லாமல், அதையும் ஒன்றுவிடாமல் செய்திருக்கிறாய். நான் சொல்லிக்கொடுத்த எதையுமே நீ மறக்கவில்லை, பாவி. மறந்திருக்க வேண்டியதையும் மறக்கவில்லை. அந்தத் துளைகளின் மேல் கையை வைத்துக்கொண்டு நான் அழுதேன், போகிற லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கல்லில் இரும்பு இருப்பதால் திசைகாட்டியே தடுமாறும். அதனால் வெயிலுக்குக் காத்திருந்து, குச்சி நிழலை வைத்துத் திசை எடுத்தேன். உன் துளைகளுக்குப் பக்கத்திலேயே குடைந்தேன். மாமா டேங்கை அடித்துக்கொண்டே, "தெக்கயே காட்டட்டும் சாமி, தெக்கயே காட்டட்டும்" என்று முனகிக்கொண்டிருந்தான். நானும் மனதுக்குள் அதையேதான் சொன்னேன். அம்புக்குறியை ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை சரிபார்த்தேன். என் பழைய மாணவி ஒருத்தியின் ஆய்வுக்கூடத்தில் போன வாரம் அளந்தோம். கல்லைப் படிப்படியாகச் சூடேற்றி, மேலே ஒட்டிய பிற்காலக் காந்தத்தையெல்லாம் கழற்றிவிட்டு, அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சூட்டுக்கும் எண் மாறும்போது, கோயிலுக்கே போகாத உன் அம்மா, அந்தக் கருவியைப் பார்த்துக் கும்பிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கடைசி உருளைவரை வேண்டிக்கொண்டேன்.

எல்லாம் வடக்கு. ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்தப் பெண் "மேடம், நீங்க சொன்னதுதான் சரி" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும். நாசமாகப் போக அந்தச் சரி. அதை வைத்துக்கொண்டு நான் யாருக்கு மாலை போடுவேன், யார் தலையில் அட்சதை போடுவேன்? கொஞ்சமாவது குழப்பமாக வந்திருந்தால், அந்தக் குழப்பத்தைப் பிடித்துக்கொண்டு நீ கேட்ட வரியை எழுதியிருப்பேன். கடவுளோ கல்லோ எனக்கு அந்த அளவுக்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

கல்யாணத்தன்று பெற்றவள் புத்திமதி சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். நிவேதாவிடம் எல்லாவற்றிலும் சரியாக இருக்கப் பார்க்காதே. சரியாக இருப்பதில் ஒரு சுகமும் இல்லை, பார், வீட்டில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது. உனக்குப் பிள்ளை பிறந்தால் சமையலறையில் எதையும் சொல்லிக்கொடுக்காதே, அங்கே கற்றது கையை விட்டுப் போகாது. ஆனால் தப்பை ஒளிக்கச் சொல்லியும் கொடுத்துவிடாதே. இரண்டுக்கும் நடுவில் எப்படிப் பிள்ளை வளர்ப்பது என்று கேட்டால், எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் இன்றைக்கு அங்கே இருந்திருப்பேன்.

நேற்று நான் வந்தேன். மாமாவுக்குக்கூடத் தெரியாது. புடவையைப் பையில் போட்டுக்கொண்டு, வரவேற்புக்குப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, காலையில் முகூர்த்தத்தையும் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மத்தியானமே பஸ் ஏறினேன். கடற்கரையில் இருக்கிற உன் மண்டபத்துக்குப் போக, பூஞ்சேரி கூட்ரோட்டில் இறங்கினேன். ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டப் போனபோதுதான் புத்தி வந்தது. நீ என்னைப் பார்ப்பாய். பார்த்தால் "எழுதினியா?" என்று கேட்பாய். கேட்டால் நான் சொல்லிவிடுவேன், வடக்கு என்று. மேடையாக இருந்தாலும் சொல்வேன், உன் மாமனார் நின்றாலும் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் அங்கேயே நின்றுவிட்டேன்.

விளக்குக் கம்பத்தில் உன் கல்யாண போர்டு கட்டியிருந்தது. கதிர், நிவேதா, மணமக்கள் என்று சிவப்பெழுத்து, கீழே மண்டபத்துக்கு வழிகாட்டும் பெரிய அம்புக்குறி. கடற்காற்றில் ஒரு கட்டு அறுந்து, சட்டம் கம்பத்தைச் சுற்றித் திரும்பிப்போயிருந்தது. அம்பு கடலைக் காட்டாமல் நான் வந்த வழியை, செங்கல்பட்டை, நம் வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, கதிரு. அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் நம் வீட்டுக்கு வரட்டும், நீயும் வா.

அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. முன்சீட்டில் இருந்த பெரியவர் போர்டைப் பார்த்துக் குழம்பிப்போய், "ஏம்மா, கண்ணாலம் இந்தாண்டயா, அந்தாண்டயா?" என்று கேட்டார்.

"நேராப் போங்க, கடல் பக்கம்."

"நீங்களும் அங்கதான் போறீங்களா? ஏறுங்க, எடம் கீது. மாப்ள வூடா, பொண்ணு வூடா?"

"தெரிஞ்சவங்க" என்றேன். "நான் திரும்பிப் போறேன், நீங்க போங்க."

வேன் போன பிறகு புடவைப் பையின் கைப்பிடிக் கயிற்றை உருவினேன். சட்டத்தைத் திருப்பி, கம்பத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டி, காற்றுக்கு அசைகிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். சாலையைத் தாண்டி நின்று இன்னொரு தடவை சரிபார்த்தேன். அடுத்து வந்த கார் அதைப் பார்த்து உன் மண்டபத்துக்குப் போனது. எனக்குச் செங்கல்பட்டு பஸ் வந்தது, புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

அம்மா